செங்கல்லில் விழுந்த மழை

ஜூன் 4

பழுதுபார்க்கும் பிரிவுக்கு,

பெட்டியில் இருப்பது எனக்குக் கொடுத்திருக்கும் கைக்கணினி. நாங்கள் இதைச் செங்கல் என்கிறோம். எடையும் அப்படி, புத்தியும் அப்படி. இதோடு மூன்றாவது தடவையாகக் கீழே வருகிறது. உடைந்துவிட்டதா என்று கேட்க வேண்டாம். இது உடையாது. போன மாதம் பாலத்துக் கைப்பிடியிலிருந்து பாறைமேல் விழுந்து மூன்று குட்டிக்கரணம் போட்டது. எடுத்துச் சேற்றைத் துடைத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி என்னைப் பார்த்தது.

குறை இரண்டு. முதலாவது, கையுறை போட்ட விரலை இது மதிப்பதில்லை. காலையில் இங்கே அடிக்கிற குளிரில் கையுறையைக் கழற்றினால் என் விரல் மடங்காது. கூடவே கொடுத்த எழுதுகுச்சி கயிறு அறுந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது, ஒவ்வொரு டிக்குக்கும் "நிச்சயமா?" என்று கேட்கிறது. அணையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் போகும் குழாயில் என் பங்கு பதினான்கு கிலோமீட்டர். வால்வு, இணைப்பு, தாங்குதூண், நடைபாலம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு இடம். ஒவ்வொன்றுக்கும் 'நல்ல நிலை', 'பழுது' என்று இரண்டு கட்டம். இருபத்தாறு வருஷமாக இந்தக் குழாயோடு நடக்கிறவளை, நேற்று வந்த ஒரு இயந்திரம் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டால், சந்தேகப்படுகிற போலீஸ்காரரோடு நடப்பது மாதிரி இருக்கிறது.

இந்தக் கடிதம் யார் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் இருப்பது என் மகனைக் கட்டிக்கொண்டவள். வீட்டு விஷயம் எதுவும் எழுதுவதாக இல்லை. என் மூட்டு தேய்ந்துவிட்டது, கீழே உட்கார்ந்த வேலை கொடுங்கள் என்று என்னைக் கேட்காமலே என் பெயரில் நீ மனு எழுதிக் கொடுத்தாயே, அதைப் பற்றியும் எழுதுவதாக இல்லை. அந்த மூட்டோடுதான் எல்லா நிலையத்துக்கும் மேலே இருக்கிற நிலையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்.

இங்கே கைபேசி எடுக்காது. ஜீப் செவ்வாய்க்கிழமை மேலே வரும், புதன்கிழமை இறங்கும். அதற்குள் செங்கல் வேண்டும். அதுவரைக்கும் காகிதத்தில் எழுதுகிறேன்.

குழாய்ப் பாதை ஆய்வாளர், மேல் நிலையம்

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். செங்கல்லை நாளைய ஜீப்பில் ஏற்றுகிறேன். இரண்டு குறையையும் சரிசெய்துவிட்டேன். கொஞ்சம் மாற்றி அமைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இனிமேல் தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொட்டாலும் கேட்கும். "நிச்சயமா?" என்று கேட்காது. புது எழுதுகுச்சி ஒன்றும், அறுக்க முடியாத கயிறும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுத மாட்டேன் என்று சொன்ன விஷயத்தைப் பற்றி நானும் எழுதக் கூடாதுதான். ஆனால் ஒன்று. அன்றைக்கு மாடிப்படியில் நீங்கள் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்காமல் எழுதிவிட்டேன். தப்புத்தான் அத்தை.

உங்கள் மகன் நன்றாக இருக்கிறார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்"னு சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார்.

மருமகள்

ஜூன் 18

மருமகளே,

செங்கல் சொன்னபடி கேட்கிறது. நம்பாமல் இரண்டு கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதற்கும் கேட்டது. முன்பெல்லாம் நாலு மணிக்கு முடிகிற சுற்று, இப்போது இரண்டரைக்கே முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிலையத்துச் சன்னல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்.

இங்கே வால்வு திறக்க வருகிறவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை விசில்காரர் என்போம். நடக்கும்போது வாய் சும்மா இருக்காது, ஏதாவது ஒரு மெட்டை ஊதிக்கொண்டே வருவார். அவர் என் செங்கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி இது அடங்கிப் போகுது?"ன்னு கேட்டார். "கீழே நம்ம ஆளு இருக்கு"ன்னு சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

பக்கத்து நிலையத்து ஆட்களும் கேட்கிறார்கள். உனக்குச் சிரமம் இல்லையென்றால் செய்து கொடு.

என் மகனிடம் சொல்: இரண்டு பக்கமும் தலையாட்டினால் கழுத்துத்தான் வலிக்கும்.

அத்தை

ஜூன் 23

அன்புள்ள அத்தைக்கு,

"நம்ம ஆளு" என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை உங்கள் மகனுக்குப் படித்துக் காட்டினேன்.

போன வாரம் மட்டும் ஐந்து செங்கல் வந்தது, எல்லாம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு. இன்றைக்கு இன்னும் நாலு. எல்லாவற்றையும் உங்களுடையது மாதிரியே அமைத்துக் கொடுத்துவிட்டேன். மேலாளருக்குத் தெரியாது, கேட்டால் ஆறு மாதம் ஆய்வு செய்வோம் என்பார். குளிரில் விறைப்பது அவர் விரல் இல்லையே.

மழைக்காலம் தொடங்கப்போகிறது என்கிறார்கள். கம்பு இல்லாமல் நடக்காதீர்கள்.

மருமகள்

ஜூலை 9

மருமகளே,

கெட்ட சேதி. நாலாம் தேதி விசில்காரர் விழுந்துவிட்டார். ஏழாவது நடைபாலத்தில் இரண்டு பலகை உளுத்துப் போயிருந்தது; கால் உள்ளே போய், ஆள் கீழே பாறையில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். கத்துவதற்குத் தெம்பில்லாமல் விசில் அடித்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் போய்த் தூக்கினோம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பழையபடி மலை ஏறுவாரா என்பது தெரியாது.

அந்தப் பலகைகளை நான்கு நாள் முன்னாலேயே, ஜூன் 30ஆம் தேதி, நான் பார்த்தேன். நல்ல மழை. கம்பால் குத்தினேன், உள்ளே போயிற்று. செங்கல்லில் 'பழுது' என்று டிக் போட்டேன். அதைக் கைப்பிடிமேல் வைத்துவிட்டுப் பாலத்தின் இரண்டு முனையிலும் குறுக்கே சிவப்பு நாடா கட்டினேன். அந்தப் பக்கம் என் அடுத்த சுற்று ஒரு வாரம் கழித்துத்தான். அணையின் சமிக்ஞைக் கோபுரத்தைத் தாண்டும்போது செங்கல் தானாகவே எல்லாவற்றையும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும், அனுப்பியும் விட்டது.

ஆனால் அலுவலகத்தில் இருப்பது என்ன தெரியுமா? 'ஏழாவது நடைபாலம்: நல்ல நிலை.' அதைத் தன் செங்கல்லில் பார்த்துவிட்டுத்தான் விசில்காரர் காலை வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் நாடாவும் இல்லை. மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "வயசாகுதில்லையா, விடுங்க"ன்னு தோளைத் தட்டினார்.

செங்கல்லை அனுப்பியிருக்கிறேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எனக்கு இப்போது அது தேவையில்லை. நீ ஒரு காரியம் செய். அது தப்பாகச் சொல்கிறதா, நான் தப்பாகச் சொல்கிறேனா என்று பார்த்துச் சொல். நீ என்ன சொல்கிறாயோ அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அத்தை

ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

செங்கல் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன. வெளிப்பக்கம் பார்த்த வரையில் உடைப்போ கீறலோ இல்லை, திரையும் மின்கலமும் நன்றாகவே இருக்கின்றன.

இங்கே விடாமல் மழை. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, உங்கள் மகன் சரிசெய்கிறேன் என்று இறங்கி இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. விசில்காரரை இங்கே மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். என்னை யாரென்று சொல்லவில்லை.

நீங்கள் எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மருமகள்

ஜூலை 16

மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். இயந்திரத்தில் குறை இல்லை என்பதை இதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. உன் நல்ல மனசு புரிகிறது.

அப்படியானால் குறை என் தலையில்தான். இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தால், அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போகிறேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு முப்பது அடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுக்கிறேன். காலையில் பல் தேய்த்தேனா என்பதற்குப் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கட்டாத நாடாவைக் கட்டியதாக நினைவு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். முடிச்சுப் போட்ட விரல்கூட ஞாபகம் இருக்கிறது, ஈரத்தில் நாடா வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. நடக்காத ஒன்று இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்குமா? இருக்கிறது என்றால் மற்றதில் எதை நம்புவது? என் வீட்டுக்காரர் கடைசியாக என்னிடம் பேசியது என்று இத்தனை வருஷம் வைத்திருக்கிறேனே, அதுவாவது நடந்ததா?

விசில்காரரின் மனைவி துணிமணி எடுத்துப் போக வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். கழுவாமலாவது போயிருக்கலாம்.

'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலையை விடுகிற கடிதமும் இதே ஜீப்பில் வருகிறது. நீ எழுதிய மனு சரிதான் போல. எனக்குத் தெரியாததை நீ முன்னாலேயே பார்த்திருக்கிறாய். அன்றைக்கு உன்னைப் பேசியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை

ஜூலை 17

அத்தை,

உங்கள் தலையில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் 'பழுது' என்றுதான் போட்டீர்கள். அதை 'நல்ல நிலை' என்று மாற்றியது மழை. மழையை மாற்ற விட்டது நான்.

எப்படி என்று சொல்கிறேன். திரையில் ஈரம் பட்டால் இந்தக் கணினி தன் தொடு உணர்வைத் தானே குறைத்துக்கொள்ளும், மழைத்துளியை விரல் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படிக் குறைத்துக்கொண்டால் கையுறை விரலும் அதற்குத் தெரியாது. உங்கள் கையுறைக்காக உணர்வை உச்சத்தில் வைத்து, குறைத்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவிட்டேன். டிக் மாறினால் எச்சரிக்கும் "நிச்சயமா?" கேள்வியையும் எடுத்துவிட்டேன். அது ஒன்று இருந்திருந்தால்கூட நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'கொஞ்சம் மாற்றி அமைத்திருக்கிறேன்' என்று எழுதினேனே, அது இதுதான்.

பத்தாம் தேதி புட்டி மூடியில் துளை போட்டுச் செங்கல்மேல் தண்ணீர் சொட்ட விட்டேன். பதினேழாவது சொட்டில் நான் போட்ட டிக் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குப் போனது. பதினொன்றாம் தேதி உள்பதிவைத் திறந்து பார்த்தேன். ஜூன் 30, காலை 10.42: ஏழாவது நடைபாலம், பழுது. 10.44: ஒரே நொடியில் பதினான்கு தொடுதல். மனிதருக்கு அத்தனை விரல் கிடையாது. அப்போது நீங்கள் நாடா கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

பதினான்காம் தேதி உங்களுக்கு எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சமையலறைக் குழாயைப் பற்றி எழுதினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, மனுவுக்கு அப்புறம் இதுவும் என் வேலைதான் என்று தெரிந்தால் நீங்கள் இந்த வீட்டுப் படியை மிதிக்கவே மாட்டீர்கள் என்று பயந்தேன். நான் சும்மா இருந்தால் நீங்கள் உங்களையே சந்தேகப்படுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்த வரியைப் படித்துவிட்டு, இந்த மேசையில் உட்கார முடியாமல் எழுந்து நின்றே எழுதுகிறேன்.

இன்னொன்று, அதுதான் இப்போது அவசரம். இதே மாதிரி நான் அமைத்துக் கொடுத்த செங்கல் இன்னும் ஒன்பது வெளியில் இருக்கிறது. மழையில் அவை என்னென்ன டிக் போட்டிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எழுத்திலும் கொடுத்துவிட்டேன். அவர் சுற்றறிக்கை அனுப்புகிறார், ஆனால் அது எல்லாருடைய செங்கல்லுக்கும் போய்ச் சேர இரண்டு நாளாகும். உங்கள் நிலையத்து வயர்லெஸ் இங்கே எட்டாது, ஆனால் மற்ற நிலையங்களுக்கு எட்டும். ஒன்பது பேருடைய நிலையமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஜீப் ஓட்டுநரைக் கெஞ்சி நாளை விடியும்போதே மேலே அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை.

மருமகள்

ஜூலை 19

மருமகளே,

ஓட்டுநர் நேற்று மதியம் வந்தார். பதில் வாங்காமல் போகக் கூடாது என்று நீ சொன்னாயாம். அதற்கெல்லாம் நேரமில்லை, நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரைப் படுக்கச் சொன்னேன்.

முதலில் வயர்லெஸ். ஒன்பது பேரில் எட்டுப் பேரை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். "மழை நாள்ல போட்ட டிக் எதையும் நம்பாதீங்க. காலை வைக்கறதுக்கு முன்னாடி கம்பால தட்டிப் பாருங்க"ன்னு சொன்னேன். ஒன்பதாவது ஆள் வெளியே போயிருந்தார். அவர் திரும்பி வந்து குரல் கொடுக்கிற வரைக்கும் வயர்லெஸ் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஐந்தரைக்குக் குரல் கொடுத்தார்.

இன்று காலை என் பாதையை நானே நடந்தேன். நிறுத்தி வைக்கப்பட்டவள் நடக்கக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சாக்கட்டியும் காகிதமும் எடுத்துப் போனேன். மூன்றாவது நடைபாலத்தில் ஒரு பலகை, நாற்பதாவது தாங்குதூணில் ஒரு வெடிப்பு. இரண்டும் அலுவலகப் பதிவின்படி 'நல்ல நிலை'. வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன்.

ஏழாவது பாலத்துக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில், ஒரு புதரில் சிவப்பு நாடா சிக்கியிருந்தது. காற்றும் தண்ணீரும் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அதில் என் முடிச்சு அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூட்டு வலியால் உட்கார்ந்தேன் என்றுதான் எழுத நினைத்தேன். உன்னைப் பொய் சொல்லாதே என்று சொல்லப்போகிறவள் நான் எப்படிப் பொய் எழுதுவது?

டிக் மாறியதற்கு உன்மேல் கோபம் இல்லை. "நிச்சயமா?"வை எடு என்று வாய்விட்டுக் கேட்டவள் நான். மற்றவர்களுக்கும் செய்து கொடு என்று எழுதியவளும் நான்தான், அதை விசாரணையில் சொல்வேன். ஆனால் பதினொன்றாம் தேதிக்கும் பதினேழாம் தேதிக்கும் நடுவில் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளும் நான் என்னை ஒரு பைத்தியமாக நினைத்துக்கொண்டு இந்த அறையில் நடமாடினேன். 'வேளைக்குச் சாப்பிடுங்கள்' என்று எழுதினாயே, அந்த வரியை என்னால் இப்போது பார்க்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

உனக்கு ஒரு குணம் இருக்கிறது. முகத்துக்கு நேரே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய், பின்னால் போய் உனக்கு நல்லது என்று தோன்றியதைச் செய்வாய். நல்லது செய்கிறேன் என்று செய்வதால் உன்னைத் திட்டவும் முடிவதில்லை. அதனால் ஊரைவிட்டே போகத் தோன்றியது எனக்கு.

வேலையை விடுகிற கடிதத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

அத்தை

ஆகஸ்ட் 6

மருமகளே,

விசாரணை முடிந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு அலுவலக நடைக்கூடத்துப் பெஞ்சில் நீ ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் மகன், இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை தண்ணீர்ப் புட்டியை நீட்டிக்கொண்டு. நான் பேசவில்லை. கோபத்தில் இல்லை. வாயைத் திறந்தால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார்கள்: "அவங்க உங்க மருமகள். அவங்களைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" நான் சொன்னதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "தப்பு அவளோடது. அப்படியே எழுதிக்கோங்க. அந்த ஆறு நாளும் அவளோடது, அதையும் எழுதிக்கோங்க. ஆனா என் கையெழுத்து உங்க கையில இருந்துச்சு. நான் ஒத்துக்கிட்டாச்சு. அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா கேஸ் முடிஞ்சிருக்கும், அவ வேலையும் பத்திரமா இருந்திருக்கும். நான் சாகற வரைக்கும் என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டே செத்திருப்பேன். அதைத் திருப்பிக் கொடுத்தவளும் அவதான். அதை மறக்காம எழுதுங்க." எழுதினார்கள். நான் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

உன் தண்டனையை மேற்பார்வையாளர் சொன்னார். மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி ஒரு வருஷம் களப்பணி. எந்த நிலையம் என்று இன்னும் முடிவாகவில்லையாம். இனிமேல் ஒவ்வொரு பாதையிலும் இரண்டு பேர் நடந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. என் பாதைக்கு ஆள் இல்லை. நான் கேட்டால் உன்னை இங்கேயே போடுவார்கள்.

கேட்டிருப்பேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான், உன்னைக் கேட்காமல் உன் பெயரில் நான் மனு எழுதுகிறேனே என்று உறைத்தது. அதனால் கேட்கிறேன். இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது, சன்னல் கிழக்குப் பக்கம். நான் பேசினால் கொஞ்சம் காரமாக இருக்கும், மற்றபடி நல்லவள். வருகிறாயா?

எனக்கு நீ வந்தால் சந்தோஷமாக இருக்கும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தை

ஆகஸ்ட் 11

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை அத்தை. நான் வரவில்லை.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் 'சரி அத்தை' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். உங்கள் மகன் பார்த்துவிட்டு, "உனக்குப் போகணும்னு இருக்கா?"ன்னு கேட்டார். அவர் ஒரு பக்கமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. யோசித்தால், போக வேண்டும் என்று இல்லை. உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் இருந்தது. அப்படி வந்தால் அங்கேயும் உங்களுக்கு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன், பலகையைப் பார்க்க மாட்டேன். உங்கள் பின்னால் ஏதாவது செய்துவைப்பேன். உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலாளரிடம் வேறொன்று கேட்டிருக்கிறேன். நான் மாற்றிய ஒன்பது செங்கல்லும் ஒன்பது நிலையத்தில் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே போய், அந்த ஆளின் முன்னால் உட்கார்ந்து, நான் என்ன செய்தேன் என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே பழையபடி மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு அவரோடு ஒரு மாதம் நடக்க வேண்டும், குளிரிலும் மழையிலும் கை என்ன பாடுபடுகிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். மூட்டை தூக்குகிற உதவியாளர் என்றுதான் என் பதவி இருக்கும். ஒத்துக்கொண்டார்கள்.

விசில்காரரிடம் போய் நான் யாரென்று சொன்னேன். "நாளைக்கு வராதீங்க"ன்னு சொன்னார். போகவில்லை. நாலு நாள் கழித்து அவர் மனைவி ஆள் அனுப்பினாள், வரச் சொல்லி. போனேன். தாங்குகட்டைகளை வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து காட்டினார். மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நடந்து காட்டினார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்கு நன்றி அத்தை. உங்கள் கடிதத்தில் 'வருகிறாயா' என்ற வார்த்தையைப் பார்த்து நான் அழுதேன். ஆனாலும் வரவில்லை.

மருமகள்

ஆகஸ்ட் 13

மருமகளே,

உன் 'இல்லை' நேற்றைய ஜீப்பில் வந்தது. முதல் வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டுப் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவினேன். கேட்க யாரும் இல்லாததால் அதுவும் திருப்தியாக இல்லை. மறுபடி வந்து படித்தேன்.

மூன்று வருஷமாக நீ என்னிடம் எத்தனை தடவை 'சரி அத்தை' சொல்லியிருப்பாய்? ஆயிரம் இருக்குமா? அத்தனையிலும் எது உண்மை, எது என் வாயை அடைக்கச் சொன்னது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இந்த ஒரு 'இல்லை' உண்மை. இது ஒன்று கையில் இருந்தால் போதும், இனி நீ சரி என்று சொன்னாலும் நான் நம்பலாம். எனக்கு உன்னை இப்போதுதான் பிடித்திருக்கிறது. இதுவரை பிடிக்காமல் இல்லை, யாரைப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் இருந்தது.

அந்த ஆறு நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முயற்சி செய்கிறேன். பூட்டை இப்போது இரண்டு தடவைதான் இழுக்கிறேன்.

என் பாதைக்கு வேறு ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். ஓயாமல் பேசுகிறாள், ஆனால் பலகையை ஒழுங்காகத் தட்டுகிறாள். முட்டி வலிக்கிறது, மெதுவாகப் போ என்று நேற்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உன் ஒன்பது பேரில் ஒருவர் எனக்கு அடுத்த மேட்டில் இருக்கிறார். அந்த மாதம் நீ அங்கே நடக்கும்போது, ஐந்து கிலோமீட்டர் ஏறினால் என் நிலையம். வந்தால் சாப்பாடு இருக்கும். வரவில்லையென்றால் நானே சாப்பிட்டுவிடுவேன்.

அத்தை